நான் முதுகு காட்டிய கதை

இந்த வருஷம் கூக்காலுக்குப் போவதில்லை என்று முடிவு செய்தேன். உயிரே போனாலும் சரி.

கூக்காலில் என் மச்சான் செல்லப்பாண்டிக்குப் பூண்டுத் தோட்டம். ஒவ்வொரு அறுவடைக்கும், "மச்சான், சும்மா வந்து நில்லுங்க, போதும்" என்பான். நிற்கத்தான் போவேன். நிற்கிற ஆள் முதுகில் மூட்டை ஏறிவிடும். இன்னொரு அறுவடை என்னைப் பூண்டோடு அழித்துவிடும். ஆகவே, கொடைக்கானல் ஏரிக்கரையில் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கும் ஞானவேல் ஆகிய எனக்கு, காலையில் திடீரென்று முதுகு பிடித்துக்கொண்டது.

"எங்க வலிக்குது?" என்றாள் என் மனைவி தேவசேனா.

"எல்லா எடத்துலயும்."

"சரி, வெரசா கெளம்புங்க. எக்ஸ்ரே எடுத்துப் பாத்துருவோம்."

இதை நான் எதிர்பார்த்தேன். பக்கத்துக் கடை வேலப்பன் போன மாதம் சட்டைக்குள் குத்தியிருந்த ஊக்கை மறந்து நெஞ்சுக்குப் படம் எடுத்தார். ஊக்கு வெள்ளையாக விழுந்து, டாக்டர் வெலவெலத்துப் போனார். மறுபடி எடுக்கும்வரை வேலப்பனை வீட்டில் ராஜா மாதிரி வைத்திருந்தார்கள். துணியை எக்ஸ்ரே ஊடுருவிவிடும். இரும்பிடம் அதன் பாச்சா பலிக்காது.

ஊக்கு பெரிசு, காட்டிக் கொடுத்துவிடும். பீரோவுக்குள் புகுந்து தேவசேனாவின் ஜாக்கெட் ஒன்றிலிருந்து ஒரேயொரு கொக்கியைப் பிய்த்தேன். பனியனின் பின்பக்கம், நடு இடுப்புக்கு நேரே, உள்புறமாகத் தைத்துக்கொண்டேன்.

எக்ஸ்ரே எடுக்கும் பெண் கறாரானவர். "சட்டை, பெல்ட்டு, அரைஞாண் கயிறு எல்லாம் கழட்டிருங்க சார். மெட்டல் இருந்தா படத்துல விழும்."

"பனியன் மட்டும் இருக்கட்டும்மா. குளிருது."

"வெறும் காட்டன்தான?"

"சுத்தக் காட்டன்."

ஜவுளி வியாபாரி சொன்னால் நம்பத்தானே வேண்டும். எங்கள் பரம்பரையில் எவனும் முதுகு காட்டியதில்லையாம். நான் திரும்பிப் படுத்துக் காட்டினேன்.

டாக்டர் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினார். முகம் சுருங்கியது.

"எலும்பு மேல ஏதோ வளைஞ்சு தெரியுது. வெயிட் எதுவும் தூக்காதீங்க. மதுரைல ஒருக்கா காட்டிருவோம்."

சோகமாகத் தலையாட்டினேன். உள்ளுக்குள் தைப்பூசம் நடந்தது.

தேவசேனா கிட்டே போய்ப் பார்த்தாள். "டாக்டர், இது எலும்பு இல்லைங்க. என் பச்ச ஜாக்கெட்டுக் கொக்கி."

"எப்படிம்மா சொல்றீங்க?"

"ரெண்டாவது கொக்கி. நுனி நசுங்கிக் கெடக்கு பாருங்க. நான்தான் பல்லால கடிச்சு நேராக்குனேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். சுவரில் எலும்புக்கூடு படம். அதுவும் சிரித்துக்கொண்டிருந்தது.

பனியனைக் கழற்றி மறுபடி எடுத்தார்கள். படம் பளிச்சென்று வந்தது. "இருபது வயசுப் பையன் முதுகு" என்றார் டாக்டர். தேவசேனா அதைச் செல்லில் பிடித்து அனுப்பினாள்.

வெளியே வந்தோம். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. செல்லைப் பார்த்துச் சிரித்தாள்.

"படத்த ஒந்தம்பிக்கா அனுப்புன?"

"ஆமா. 'மச்சானுக்கு வயசாயிருச்சுக்கா, பாவம், இந்த வருஷம் கூப்புட வேணாம், கூலிக்கு ஆள் வச்சுக்கறேன்'னு நேத்துத்தான் போன்ல சொன்னான். காலையில உங்ககிட்ட சொல்ல வந்தேன். அதுக்குள்ள உங்களுக்கு முதுகு புடிச்சுக்கிருச்சு."

எனக்கு நடை நின்றுவிட்டது. "இப்ப என்ன சொல்றான்?"

"ஆள வேணாம்னுட்டானாம். கேரட்டையும் சேத்தே எடுத்துருவோம்ங்கிறான்."