காஜாக்காரியின் அரை நாள் லீவு

பல்வலி என்று சொல்லியிருக்கவே கூடாது. சட்டை தைக்கும் கம்பெனியில் பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பவளுக்கு அரை நாள் லீவு வாங்க வேறு எத்தனையோ பொய்கள் இருந்தன.

"எந்தப் பல்லு?" என்றார் சூப்பர்வைசர் அக்கா.

"கடைவாய்ப் பல்லுக்கா."

"மேலயா, கீழயா?"

அதை அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. "மாறி மாறி வலிக்குது."

"பக்கத்துத் தெருவுல என் தம்பி பல் டாக்டர்தான். வா, ரெண்டையும் பிடுங்கிடலாம்."

காஜாக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். "இல்லக்கா, பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். கண்ணுக்கு."

"பல்வலிக்குக் கண்ணைப் பாக்கறதா?"

"நரம்பு ஒண்ணுதானேக்கா."

அக்கா ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். "கண்ணு சரியில்லாம பஸ் ஏறப்போறியா? பின்னால உட்காரு."

உண்மையைச் சொல்ல வழியில்லை. ஆறு வருஷமாக அவள் எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடுகிறாள். கம்பெனியில் ஈ எறும்புக்குக்கூடத் தெரியாது. இன்று கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை. பயத்தில் இரண்டு முறை டிமிக்கி கொடுத்தாகிவிட்டது. மூன்றாவது முறை நர்ஸ் போனிலேயே காய்ச்சி எடுத்துவிட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில், "நீங்க போங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்றாள். அக்கா போகவில்லை. கண் டாக்டர் முன்னால் கொண்டுபோய் உட்காரவே வைத்துவிட்டார்.

பரிசோதனைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அந்த அவசரத்தில் அவள் சுவர் அட்டையின் கடைசி வரிப் பொடி எழுத்துகளையும், அதற்கும் கீழே இருந்த அச்சக விலாசத்தையும் கடகடவென்று வாசித்துவிட்டாள்.

டாக்டர் பேனாவை மூடினார். "இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு எதுக்கும்மா இங்க வந்த?"

அக்கா அவளையே பார்த்தார்.

"வயித்தைக் கலக்குதுக்கா, பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, காஜாக்காரி இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினாள்.

கீழே கடைசி அறை. வியாழக்கிழமைகளில் அங்கே எச்.ஐ.வி. மாத்திரை வாங்கும் பெண்களுக்கு மட்டும்தான் பரிசோதனை.

"வந்துட்டியா மகராசி? படு. காலை மடக்கி நல்லா விரிச்சுக்கோ. உள்ள இருக்கறது என்ன தங்கச் சுரங்கமா, இப்படிப் பூட்டு போடற?" என்றார் நர்ஸ்.

"அதான் மாத்திரை ஒழுங்கா சாப்பிடறேனே சிஸ்டர், அப்புறம் எதுக்கு இது?"

"சாப்பிட்டாலும் உங்களுக்கெல்லாம் இந்தப் புற்றுநோய் வர வாய்ப்பு ஜாஸ்தி. கருப்பைவாயில வர்ற மாற்றம் முத்தி நோயாக வருஷக்கணக்காகும். அதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சா, அந்த இடத்துக்கு மட்டும் வைத்தியம் பண்ணித் தடுத்துடலாம். வலிக்கற வரைக்கும் காத்திருந்தா கஷ்டம்."

"இது வலிக்குமா சிஸ்டர்?"

"முடிஞ்சிடுச்சு. எழுந்திரு."

இதற்காகவா இத்தனை நாள் பயந்தோம் என்று நினைத்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள்.

எதிர் பெஞ்சில் சூப்பர்வைசர் அக்கா உட்கார்ந்திருந்தார். கைப்பையை நெஞ்சோடு அணைத்திருந்தார், முகம் வெளிறிப்போயிருந்தது.

காஜாக்காரி கதவைப் பின்னால் இழுத்துச் சாத்தினாள். "அக்கா, பாத்ரூம்னு நினைச்சு இந்தக் கதவை..."

அக்காவின் பக்கத்தில் டோக்கனோடு உட்கார்ந்திருந்த பெண் குறுக்கிட்டு, அக்காவின் முழங்கையை இடித்தாள்.

"மாசாமாசம் மாத்திரை வாங்க மட்டும் எனக்கு முன்னாடி வந்து நிக்கறீங்க, இந்தக் கதவைப் பாத்தா மட்டும் மூணு வியாழனா திரும்பி ஓடறீங்க, இன்னைக்குத்தான் துணைக்கு ஆளைக் கூட்டிட்டு வந்துட்டீங்களே, உள்ள போங்கம்மா."