உஷ் மிஸ்ஸின் வாசகர்

மலைநாட்டில் பேய்க்குப் பயந்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். பேய் வாசித்ததைப் பதிவேட்டில் ஏற்றிய ஒரே மனுஷி உஷ் மிஸ்தான்.

நூலகவியல் டிப்ளோமா முடித்த கையோடு, லிந்துலைப் பக்கத்து வாசிகசாலை ஒன்றுக்குத் தற்காலிக நியமனத்தில் வந்தவர். யார் கிசுகிசுத்தாலும் "உஷ்" என்பார். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. ஆள் வராவிட்டால் வாசிகசாலையை மூடிவிடுவோம், வேலையும் போகும் என்று பிரதேச சபையில் முதலிலேயே சொல்லியிருந்தார்கள்.

தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கராக ஓய்வுபெற்ற நான் தினமும் பத்திரிகை பார்க்கப் போவேன். அவர் வந்த இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை (நாட்குறிப்பைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்), கதவைத் திறந்தால் மேசையில் ஒரு புத்தகம் விரிந்து கிடந்தது. முந்தின நாள் மாலை எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு அவர் பூட்டியதை நானே பார்த்திருந்தேன். ஜன்னல்களில் கொண்டி போட்டபடி இருந்தது. ஒரு நாற்காலி மட்டும் பின்னால் தள்ளியிருந்தது.

அவர் பதிவேட்டில் '1' என்று எழுதினார்.

"என்னம்மா எழுதுறீங்க?"

"மேசையில கெடந்தா அது வாசிச்ச புத்தகம், கிளாக்கரய்யா. எண்ணிட்டுத்தான் அடுக்கணும். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க."

"வாசிச்சது யாரு?"

"வாசகரப் பத்தி வெளிய பேசக்கூடாதுங்க."

அதன்பின் தினமும் ஒரு புத்தகம். பௌர்ணமிக்கு வரும் போயா விடுமுறைக்கு மறுநாள் மட்டும் மேசை சுத்தமாக இருக்கும்.

"பார்த்தீங்களா, லீவு நாளெல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்காங்க" என்றார் மெச்சுதலாக.

"அந்தப் புள்ள பேய்க்கும் கார்டு போட்டுக் குடுத்திருச்சாம்" என்று தேத்தண்ணிக் கடை நானா பரப்பினார். பிள்ளைகள் வருவது நின்றது. பெரியவர்கள் வருவதும் நின்றது. உயிருள்ள வாசகர்களில் நான் ஒருவனே மிஞ்சினேன். ஒரு பிற்பகல், மூடுபனி உள்ளே வந்து நின்ற நேரம், ஆளில்லாத மூலையில் ஒரு தாள் புரண்டது. எனக்கு இருமல் வந்தது.

"உஷ்" என்றார், என்னைப் பார்த்து.

சபையிலிருந்து அதிகாரி வந்து பதிவேட்டைப் புரட்டினார்.

"இந்தப் பேய்க் கணக்க வெட்டிட்டு, நாலு பிள்ளைங்க வந்ததாப் போடுங்க மிஸ். நெரந்தரமாக்கித் தர்றேன்."

"வராதவங்கள எழுத மாட்டேங்க. வந்தவங்கள வெட்டவும் மாட்டேன்."

அதிகாரிக்கு முகம் சிவந்தது. அன்று மாலை தன் சொந்தப் பூட்டைப் போட்டார். "காலையில மேச வெறுமையா இருந்தா, வேலையும் இல்ல, வாசிகசாலையும் இல்ல."

மறுநாள் காலை மூவரும் போனோம். அதிகாரியே திறந்தார். மேசையில் புத்தகம் விரிந்திருந்தது. மேலே நின்ற ஒரு தாள் அப்போதுதான் மெதுவாகப் படிந்தது. அதிகாரி உட்காரவில்லை, நின்றபடியே பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பூட்டைக்கூட எடுக்காமல் இறங்கிப் போனார்.

"மேசையில ஒண்ணும் இல்லாட்டி என்னம்மா செஞ்சிருப்பீங்க?" என்று கேட்டேன்.

"சைபர் போட்டிருப்பேங்க."

போட்டிருப்பார். அது எனக்கு முன்பே தெரியும். அதனால்தான் அதிகாரி சாவியைத் திருகும்போது, மேசை வெறுமையாக இருந்துவிடக் கூடாதே என்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். சாமியிடம் அல்ல, பெயர் தெரியாத அந்த வாசகரிடம்.