ஒப்புதல் இல்லாத குத்து

விருத்தாசலத்தில் குத்துச்சண்டை இனிமேல் நடுநிலையோடு நடக்க வேண்டும் என்று மேலிடம் முடிவு செய்தது. அதுவரை அது எதனால் நடந்தது என்பது ஊருக்கே தெரியும். ஊறுகாய் ஜாடியால் நடந்தது.

பீங்கான் செய்யும் ஊரில் லஞ்சமும் பீங்கானாகத்தான் இருக்கும். முந்தின வருஷம் உள்ளூர்க்காரன் சாமிக்கண்ணு தன் எதிராளியைக் கயிற்றோரம் சாய்த்துவைத்துக் குத்து குத்தென்று குத்தினான். நடுவர்கள் மூவரும் எதிராளியின் கையைத் தூக்கிவிட்டார்கள். அந்த வாரமே மூவர் வீட்டிலும் புது ஜாடியில் எலுமிச்சங்காய் ஊறியது. ஜனங்கள் நாற்காலிகளை உடைத்தார்கள். நாற்காலி உடைந்ததால் விசாரணை வந்தது.

விசாரித்தவர் கோதண்டபாணி என்ற அதிகாரி. நடுவர்களைத் தனித்தனியே அழைத்து, "ஜாடி வாங்கினீரா?" என்று கேட்டார். "இல்லீங்க" என்றார்கள். "பெற்றுக்கொண்டவரே பெற்றுக்கொண்டதாக ஒப்புக்கொள்ளாத நிலையில், கொடுக்கப்பட்டதாகக் கருத இடமில்லை" என்று அறிக்கை எழுதினார். மேலிடம் அந்த வாக்கியத்தில் சொக்கிப்போய், அவரையே குத்துச்சண்டை நடுநிலைக் குழுவின் தலைவராகவும் தலைமை நடுவராகவும் நியமித்தது.

ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற திட்டம் பற்றி ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. சாமிக்கண்ணு பகலில் பீங்கான் கம்பெனியில் களிமண் சுமக்கும் தினக்கூலி. அவ்வப்போது காசு வாங்கிக்கொண்டு மேடையேறிக் குத்துகிறவன். இந்த வருஷச் சண்டையில் ஜெயித்தால் வேலையை நிரந்தரம் செய்துவிடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். அவன் மனைவி தங்கம்மாள் அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். ஆகவே தோற்க வழியில்லை.

"இந்தத் தடவ அந்தாளு எழுந்திரிக்கவே கூடாது" என்றாள் அவள். "எழுந்து நின்னாத்தான கையத் தூக்கறானுவ?"

இந்த வருஷ எதிராளி திட்டக்குடி விருத்தகிரி. நல்ல உடம்பு, அதைவிட நல்ல வாய்.

சண்டை அன்று சாயங்காலம் கோதண்டபாணி டெரிலின் சட்டையும் கூலிங் கிளாஸுமாக ஜீப்பிலிருந்து இறங்கினார். கூட வந்த இரண்டு நடுவர்களுக்கும் கூலிங் கிளாஸ். நடுவரின் பார்வை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காகக் குழு செய்த ஏற்பாடு அது. பொழுது சாயச் சாய நடுநிலை கூடிக்கொண்டே போனது. ஒரு நடுவர் மேடை என்று நினைத்து சோடாக்கடையில் ஏறினார்.

மூவருடைய பேண்ட்டிலும் வைக்கோல் ஒட்டியிருந்ததைச் சாமிக்கண்ணு பார்த்துவிட்டான். பீங்கான் சாமானை வைக்கோல் சுற்றித்தான் கட்டுவார்கள். சண்டையை நடத்தும் மரக்கடை ஹிதாயத்துல்லாவின் காதில் போய்ச் சொன்னான்.

"பாய், அவங்க பேண்ட்டுல வைக்கோலு."

"மாட்டு வண்டில வந்திருப்பாங்கப்பா."

"ஜீப்புல வந்தாங்க பாய்."

"ஜீப்புக்கும் வைக்கோல் போடுறாங்க போலருக்கு. நீ போயி கிளவுஸக் கட்டுப்பா."

கோதண்டபாணி ஒலிபெருக்கியில் புது விதியை அறிவித்தார். "குத்தியவர் குத்தியதாகச் சொல்வது ஏற்கப்படாது. வாங்கியவர் ஒப்புக்கொள்ளும் குத்துகளே கணக்கில் சேரும். இதனால் நடுவர்கள் மீது எவரும் சந்தேகம் கொள்ள முகாந்திரம் இல்லை."

ஜனங்கள் கைதட்டினார்கள். நியாயமாகத்தான் பட்டது.

முதல் சுற்று முடிந்ததும் சாமிக்கண்ணுவிடம் கேட்டார்கள்.

"குத்து வாங்கினீரா?"

"வாங்குனேனுங்க. ஏழெட்டு இருக்கும்."

"ஏழா, எட்டா?"

"எட்டுன்னே வச்சிக்குங்க."

"நீர்?" என்று விருத்தகிரியைக் கேட்டார்கள்.

"எனக்கா? ஒண்ணுமே படலீங்க. வேர்வை தொடைச்சிவுட்டாரு, அவ்ளோதான். நல்ல மனுஷன்."

முன்வரிசையிலிருந்து தங்கம்மாள் கத்தினாள்: "யோவ், உன்னை யாருய்யா உண்மைய சொல்லச் சொன்னது?"

இரண்டாம் சுற்றில் சாமிக்கண்ணு திருந்தினான்.

"ஒண்ணும் வாங்கலீங்க."

"இடது கண் ஏன் மூடியிருக்கிறது?"

"அது... பொறந்ததுலேருந்தே அப்பிடித்தாங்க."

"முதல் சுற்றில் திறந்திருந்ததே? பொய்யுரைத்தமைக்காக இரண்டு புள்ளி குறைக்கப்படுகிறது." கோதண்டபாணி திரும்பினார். "விருத்தகிரி, உமது மூக்கில் ரத்தம் எதனால்?"

"சூட்டு உடம்புங்க."

"இயற்கைக் காரணம்" என்றார் அதிகாரி. மற்ற இருவரும் சோடாக்கடைப் பக்கம் பார்த்துத் தலையாட்டினார்கள்.

மூன்றாம் சுற்றில் சாமிக்கண்ணு, தங்கம்மாள் சொன்னதைச் செய்தான். விருத்தகிரியின் தாடைக்குக் கீழிருந்து மேலே ஒரு குத்து. ஆள் பலகையில் மல்லாந்தான். எண்ணுவதற்கென்றே மேடையில் நின்ற ரெஃபரி பத்து எண்ணி முடித்தும் அசையவில்லை. மைதானம் கூத்தாடியது. தங்கம்மாள் பக்கத்திலிருந்த யாரோ ஒருவரின் துண்டைப் பிடுங்கிச் சுழற்றினாள்.

கோதண்டபாணி கையை உயர்த்தினார். மேடையேறி, கீழே கிடந்தவனிடம் குனிந்தார்.

"திரு. விருத்தகிரி, குத்து வாங்கினீரா?"

பதில் இல்லை. முறைப்படி மூன்று தடவை கேட்டார்.

"ஐயா, அவரு மயக்கத்துல இருக்காருங்க!" என்று அலறினான் சாமிக்கண்ணு.

"அதையேதான் நானும் சொல்கிறேன். ஒப்புதல் வரவில்லை. இந்தக் குத்து நிலுவையில் வைக்கப்படுகிறது."

"ஜாடி! ஜாடி!" என்று கூட்டம் எழுந்துவிட்டது. "இத்தனை பேரு பார்த்தோமே, கண்ணு தெரியலியா?"

"சாட்சிகளா? தாராளமாக வரலாம்" என்றார் அதிகாரி. "டிக்கெட்டோடு வந்தவரே பார்வையாளர். டிக்கெட் வைத்திருப்பவர்கள் கையைத் தூக்கவும்."

மைதானம் அடங்கியது. நாற்காலிக்காரர்கள் இலவசப் பாஸில் வந்தவர்கள். மற்றவர்கள் பின்சுவர் ஏறி வந்தவர்கள். மைதானம் நிறைந்தும் வசூல் பெட்டி ஏன் நிறையவில்லை என்பது ஹிதாயத்துல்லாவுக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியது. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஒரே ஒரு கை உயர்ந்தது. தங்கம்மாள்.

"நீங்கள் யார்?"

"அவரு சம்சாரங்க."

"நீங்கள் ஏன் டிக்கெட் வாங்கினீர்கள்?"

"எம் புருஷன் அடிபடறத ஓசியில பாக்க மனசு வரலீங்க."

"உறவினர் சாட்சியம் தள்ளுபடி. ஒப்புக்கொள்ளப்பட்ட எட்டுக் குத்துகளின் அடிப்படையில் வெற்றி பெற்றவர் விருத்தகிரி."

இரண்டு பேர் குனிந்து, கிடந்தவனின் கையைத் தூக்கிப் பிடித்தார்கள். விட்டதும் அது தொப்பென்று விழுந்தது.

"ஊழல்! ஊழல்!"

"ஆட்சேபணை உள்ளவர்கள் டிக்கெட்டுடன் வாசலில் வரிசையாக வரவும்" என்றார் கோதண்டபாணி.

வாசல் காலியாக இருந்தது. ஊர் முழுக்கச் சுவர் மேல் இருந்தது. சிலர் அங்கே நின்றபடியே லஞ்சத்தை ஒழிக்க வேண்டும் என்று முழங்கிவிட்டு அந்தப் பக்கம் குதித்தார்கள். பாஸில் வந்திருந்த மேனேஜர், "அடுத்த வருஷம் பார்க்கலாம்பா" என்று சாமிக்கண்ணுவின் முதுகைத் தட்டிவிட்டுக் காரில் ஏறினார். ஜீப்பும் கிளம்பியது.

ஜெயித்தவனைத் தூக்கிப்போக ஆளில்லை. தோற்றவன் தோள்பக்கமும், அவன் மனைவி கால்பக்கமுமாகப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் குதிரை வண்டியில் ஏற்றினார்கள்.

"நாளைக்கும் மண்ணுதானா?" என்றாள் தங்கம்மாள்.

"மண்ணுதான்."

ரயில்வே கேட் அருகே வண்டி குலுங்கியதில் விருத்தகிரி கண் விழித்தான். தாடையைத் தடவினான். வாய்க்குள் விரல் விட்டுத் தேடினான்.

"பல்லு ரெண்டக் காணுமே."

"இப்பவாவது ஒத்துக்கறீங்களா?" என்று சாமிக்கண்ணு ஆவலோடு குனிந்தான்.

விருத்தகிரி அரை மயக்கத்திலும் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"அதிகாரி இருக்காரா?"

"போயிட்டாருங்க."

"அப்படின்னா வாங்குனேன். அருமையான குத்துங்க."