கறுப்புக் கோட்டு டாட்காம் வக்கீல்

கட்சிக்காரரே இல்லாத சட்டத்துக்கு வக்கீலாக இருந்தவர் உலகத்திலேயே எங்கள் டாட்காம் வக்கீல் ஒருவர்தான். வெப்சைட் என்று சொன்னால், ‘அது எந்த பிளாக்கில் இருக்கிறது?’ என்று பிளாக் பிளாக்காகப் பிரித்த நெய்வேலியில் கேட்ட காலம் அது. நகரியத்து மார்க்கெட்டில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். அந்தத் தொழிலில் எனக்கு வாய்த்த தொல்லைகளில் முதல் தொல்லை இவர்.

குடியிருந்த நிலக்கரிக் கம்பெனி குவார்ட்டர்ஸ் மனைவி பெயரில். சம்பளமும் அந்த அம்மாவுடையது. இவர் இணையப் பெயர்களுக்கான விதிகளை அச்செடுத்து வைத்துக்கொண்டு, ஷிப்ட் முடிந்து வருகிறவர்களை சைக்கிளோடு மறிப்பார்.

“பேரைப் பதிவு பண்ணா மட்டும் போதாது, வருசா வருசம் புதுப்பிக்கணும். பேரு பெர்மனென்ட் இல்லீங்க, கான்ட்ராக்ட்!”

“சார், நைட் ஷிப்ட் பாத்துட்டு வரேன். எம்பேரே எனக்கு ஞாபகம் இல்ல, வுடுங்க.”

ஒரு கல்யாணத்தில் மணமக்களை வாழ்த்தச் சொன்னார்கள். பிறக்கப்போகும் பிள்ளையின் பெயரில் முதலில் டாட்காம் வாங்கச் சொன்னார். மைக்கைப் பிடுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அப்படிப்பட்டவருக்கும் ஒருநாள் கேஸ் வந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் கொட்டகை நடத்திய ரோஸ்லின் அக்கா பதறிக்கொண்டு வந்தார். வெளிநாட்டு ஆர்டரெல்லாம் அவர் கம்பெனி பெயரிலிருந்த வெப்சைட் வழியாகத்தான் வரும். அக்கா புதுப்பிக்கவில்லை. எவனோ அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு, திருப்பித் தர யானை விலை கேட்டான்.

“ஏன்மா புதுப்பிக்கல?” என்று தலையில் அடித்துக்கொண்டார் வக்கீல்.

“எங்க வூட்டுக்காரரு மைன்ஸ்ல பெர்மனென்ட் ஆனப்புறம் வருசா வருசம் யாரு போயி கேட்டுக்கினு இருந்தாங்க? பேரும் அப்படித்தான்னு இருந்துட்டேங்க. ஆர்டர் நின்னுபோச்சின்னா கொட்டாயே மூட வேண்டிதான். அத்தன பொம்பளைங்க வேல செய்யறாங்க, சார்!”

மறுநாள் வக்கீல் கறுப்புக் கோட்டும் கழுத்துப் பட்டையுமாக என் சென்டருக்கு வந்தார். நெய்வேலி வெயிலில்!

“யோவ் சார், இமெயில்தானே அனுப்பப்போறீங்க?”

“கோர்ட்டுன்னா கோர்ட்டுதாங்க.”

இணையப் பெயர்த் தகராறுகளை இமெயிலிலேயே விசாரிக்கும் வெளிநாட்டு நடுவர் மன்றத்துக்கு, பெயர் யாருடையது, எடுத்தவன் எந்தக் கெட்ட எண்ணத்தில் எடுத்தான் என்று பக்கம் பக்கமாக டைப் அடித்தார். பெயர் அச்சடித்த முந்திரிப் பெட்டிகளின் படங்களைச் சாட்சியாகச் சேர்த்தார். பிறகு எழுந்து நின்று, கம்ப்யூட்டருக்குக் குனிந்து வணக்கம் போட்டுவிட்டு, பட்டனை அழுத்தினார். தீர்ப்பு வருகிறவரை தினமும் அதே கோட்டு, அதே வணக்கம். பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்த பிள்ளைகள் சிரித்துச் சிரித்து ஓய்ந்தார்கள். எனக்கோ கடையை இழுத்து மூடிவிட்டு எங்கேயாவது போய்விடலாம் போல அலுத்துவிட்டது.

ஒருவழியாகத் தீர்ப்பு வந்தது. பெயர் ரோஸ்லின் அக்காவுக்கே. அக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

“அழுவறது அப்புறம். மொதல்ல புதுப்பிங்க” என்றார் வக்கீல்.

மனைவி ஓய்வு பெற்றதும் வக்கீல் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு குள்ளஞ்சாவடிப் பக்கம் போனார். சில வருடங்களில் காலமாகிவிட்டார். பிரவுசிங் சென்டரும் போயிற்று. அவர் பெயரில் ஒரு வெப்சைட் மட்டும் மிச்சம். அதில் கறுப்புக் கோட்டோடு ஒரு போட்டோ, கீழே ‘புதுப்பித்துவிட்டீர்களா?’ என்று ஒரே வரி. பதிவு செய்தபோது என் இமெயிலைக் கொடுத்துத் தொலைத்திருக்கிறார். கெடு முடியப்போகிறது என்று வருடா வருடம் எனக்குத்தான் கடிதம் வருகிறது.

யாரும் பார்க்காத வெப்சைட், இந்தத் தடவையோடு விட்டுத் தொலைப்போம் என்று ஒவ்வொரு வருடமும் நினைக்கிறேன். நேற்றும் நினைத்தேன். நினைத்துக்கொண்டே புதுப்பித்துவிட்டேன். அந்த மனுஷன் பெயரில் வேறு எவனோ வந்து உட்காருவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாதுங்க.