குவைத்துக்கு ஐந்தரை மணி நேரம்

கணக்கில் நான் கெட்டிக்காரி என்று வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான் பெருமை பேசியிருக்கிறேன். அந்த ஒரு நாள் எனக்குப் போதும்.

அப்போது யட்டியாந்தோட்டைப் பக்கம் ஓர் இறப்பர் தோட்டத்தில் இருந்தோம். ஃபெக்டரியில் ஃபிட்டராக இருந்த என் கணவருக்குக் குவைத்தில் வேலை கிடைத்தது. காலை எட்டு மணிக்குக் கட்டுநாயக்காவில் பிளேன். வழியனுப்பக் கொழுந்தன் முதல் நாளே கூடப் போயிருந்தார்.

பயணம் போனவர் போய்ச் சேரும்வரை வீடு கூட்டக் கூடாது என்பது எங்கள் வழக்கம். பதுளைக்குப் போனால் சாயங்காலம் கூட்டிவிடலாம். குவைத்துக்கு?

"தந்தி வரட்டும் புள்ள" என்றார் மாமியார்.

தந்தி வர இரண்டு மூன்று நாளாகும். என் மகளுக்கோ பத்து மாதம். தவழ்ந்து போய்த் தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் போடுவாள். கூட்டினால் கணவருக்கு ஆகாது, கூட்டாவிட்டால் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. (இரண்டுக்கும் அழ வேண்டியவள் நான் ஒருத்திதான்.)

பள்ளிக்கூடத்து அட்லஸை எடுத்தேன். கொழும்பிலிருந்து குவைத்துக்குத் தையல் நூல் பிடித்து மைல் அளந்தேன். நூல் இழுபட்டிருக்குமோ என்று மறுபடியும் அளந்தேன். பிளேன் மணிக்கு ஐந்நூறு மைல் பறக்கும் என்று பெரிய கிளார்க் சொல்லியிருந்தார். வகுத்துப் பார்த்தால் ஐந்து மணி நேரம். மேகம் மறித்தால் என்ன செய்வது என்று அரை மணியும் கூட்டிக்கொண்டேன்.

"ஒன்றரைக்கு உங்க மகன் எறங்கிருவாரு அத்த. கணக்குத் தப்பாது."

இரண்டு மணிக்கு மூலைமுடுக்கெல்லாம் கூட்டி, எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் பொதுவான குப்பைக் குழியில் கொட்டிவிட்டு வந்தேன். மூன்று மணிக்குக் கொழுந்தன் வந்து நின்றார்.

"பிளேன்ல ஏதோ கோளாறாம் மதினி. ராத்திரிதான் போகுமாம். அண்ணே அங்கதான் பெட்டி மேல ஒக்காந்திருக்காரு."

மாமியார் நெஞ்சில் கை வைத்தார். "அடிப்பாவி, எம்புள்ள ஏறவேயில்ல, நீ கூட்டித் தள்ளிட்டியே!"

படித்தவள் என்பதெல்லாம் அந்த நிமிடத்தில் பறந்துவிட்டது. கூட்டியதைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிட்டால் கூட்டாத மாதிரிதானே? மாமியாரும் நானும் கூடையோடு குழிக்கு ஓடினோம்.

"இந்த முட்டக்கோது நம்மளதா?"

"நாம முட்டயே வாங்கலயே அத்த."

"அப்ப விடு. அவுக வீட்ல யாரும் பயணம் போகல."

எங்கள் வெங்காயச் சருகு, எங்கள் சாம்பல், எங்கள் முருங்கைக் காம்பு என்று பொறுக்கி வந்து, எது எந்த மூலையில் கிடந்தது என்று யோசித்து யோசித்துத் தூவிக்கொண்டிருந்தேன். வாசலில் தராசோடு மருத்துவிச்சி அம்மா, பிள்ளையை நிறுக்க வந்தவர்.

"ஐயோ, மொக்கத மே?" இதென்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

எனக்கு நன்றாகவே சிங்களம் வரும். ஆனால் அன்று வாயில் வந்தது ஒரே சொல்: "குவைத்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பிள்ளையின் கிளினிக் அட்டையில் ஏதோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் தந்தி வந்தது, சுகமாகச் சேர்ந்துவிட்டார் என்று. அழுதுகொண்டே வீட்டைக் கூட்டினேன். "குப்பைதான் காப்பாத்துச்சு" என்று மாமியார் கடைசிவரை சாதித்தார். இல்லை என்று சொல்ல எனக்கு இன்றும் தைரியமில்லை.

அந்தக் கிளினிக் அட்டை இப்போது என் மகளிடம் இருக்கிறது. அவள் வீட்டு அலுமாரியில் தூசி என்று நான் வாயைத் திறந்தால் போதும். அதை எடுத்து வந்து தன் பிள்ளைகள் கேட்கச் சத்தமாக வாசிப்பாள்: "வீடு சுத்தம் போதாது. தாய்க்கு நல்ல ஓய்வு தேவை."