மேடம் ரொம்ப இனிமிக்கல்

"அப்பா, மேடையில என்ன வார்த்தை சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க."

"இனிமிக்கல். இனிமையானவங்கன்னு அர்த்தம். பேப்பர்ல பார்த்தேன். நம்ம இனிமையிலேருந்துதான் இங்கிலீஷ்காரன் எடுத்திருக்கான்" என்றார் ஸ்டோர்கீப்பர்.

மகள் செல்போனில் தேடி, திரையை அப்பாவின் மூக்குக்கு நேரே நீட்டினாள். 'பகைமையான, கெடுதல் செய்கிற.'

அவர் வேலை பார்க்கும் மெத்தை கம்பெனிக்குப் புது மேனேஜராக வந்திருப்பவர் முதலாளியின் தங்கை. வரவேற்புக் கூட்டத்தில், அத்தனை பேர் முன்னிலையிலும் ஸ்டோர்கீப்பர் மைக்கைப் பிடித்து முழங்கியிருந்தார்: "நியூ மேடம் இஸ் வெரி இனிமிக்கல்! ஹெர் வாய்ஸ் இனிமிக்கல்! ஹோல் ஃபேமிலி இனிமிக்கல்!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அங்கே யாருக்கு அர்த்தம் தெரியும்?

"இந்த மாசம்தான் உங்க வேலையை நிரந்தரமாக்கணும். கையெழுத்துப் போடப்போறது அந்தம்மாதானே? குடும்பத்தையே இழுத்துட்டு வந்திருக்கீங்களே!" என்று மனைவி தலையில் கை வைத்தாள். "உடனே ஒரு மெசேஜ் போடுங்க."

அவர் செல்போனில் தட்டினார்: 'மேடம், இன்று மேடையில் உங்களைப் பற்றிச் சொன்னதை எல்லாம் வாபஸ் வாங்குகிறேன்.'

அனுப்பிய பிறகு மகள் வாங்கிப் படித்தாள். "திறமைசாலி, நேர்மையானவங்கன்னும் பேசினீங்கல்ல? அதையும் சேர்த்தா வாபஸ்?"

"ஐயய்யோ!"

"ஒரு சிரிச்ச மூஞ்சியாவது அனுப்புங்க. கொஞ்சம் சமாதானமா இருக்கும்."

கண்ணாடி எங்கே வைத்தோம் என்று தேடப் பொறுமையில்லை. குத்துமதிப்பாக ஒரு மூஞ்சியை அழுத்தினார். போனது சிவந்துபோய்ப் பல்லைக் கடிக்கும் மூஞ்சி.

மேடம் இரண்டையும் பார்த்துவிட்டார் என்பதற்கான நீலக் குறிகள் விழுந்தன. பதில் மட்டும் வரவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஸ்டோரில் கால் வைத்ததுமே மேனேஜர் அறையிலிருந்து அழைப்பு வந்துவிட்டது.

"உட்காருங்க" என்றார் மேடம், முகத்தில் ஒரு சுளிப்பும் சிரிப்பும் இல்லாமல். "முதல்ல இனிமிக்கல்னு சொன்னீங்க. அப்புறம் வாபஸ்னீங்க. அதுக்கப்புறம் ஒரு சிவப்பு மூஞ்சி."

"மேடம், நான் மனசார அப்படி நினைக்கவே இல்லை. சத்தியமா வாய் தவறி வந்துடுச்சு. என் சம்சாரம்கூடத் திட்டினா."

"என்னை இனிமையானவள்னு சொன்னதுக்கா?"

ஸ்டோர்கீப்பர் நிமிர்ந்து பார்த்தார்.

"எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? ஒரே சாயங்காலத்துல மனசு மாறிட்டீங்களே. நான் அவ்வளவு மோசமா?"

அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அட, இந்தம்மாவுக்கும் அர்த்தம் தெரியாது! போன உயிர் திரும்பி வந்து, போகும்போது இருந்ததைவிடத் தெம்பாக உட்கார்ந்துகொண்டது.

"யார் சொன்னது மேடம்? நீங்க இனிமிக்கல்தான்! உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரைக்கும் இனிமிக்கல்! முதலாளி ஐயா உங்களுக்கும் மேல இனிமிக்கல்!"

மேடம் சட்டென்று கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினார். தோள்கள் குலுங்கின. பிறகு கண்ணைத் துடைத்தபடி திரும்பி, நிரந்தர வேலைக்கான காகிதத்தில் கையெழுத்திட்டு நீட்டினார்.

"அந்த வார்த்தையை மட்டும் வெளியாள்கிட்ட சொல்லாதீங்க. நமக்குள்ளயே இருக்கட்டும்."

"கண்டிப்பா மேடம்!"

தரையில் கால் பாவாமல் வெளியே வந்தார். வராந்தாவில் மேடத்தின் கார் டிரைவர் சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தார்.

"பாவம்ப்பா உங்க மேடம். இங்கிலீஷ் அவ்வளவா தெரியாது போல. ஆனா தங்கமான மனசு. ஒரு வார்த்தை பாராட்டினதுக்கே கண் கலங்கிட்டாங்க."

"நேத்து கார்லயும் அப்படித்தான் சார், சிரிச்சு சிரிச்சுக் கண்ணுல தண்ணி" என்றார் டிரைவர். "'காலேஜ்ல இத்தனை வருஷம் இங்கிலீஷ் பாடம் எடுத்திருக்கேன், அந்த வார்த்தைக்கு இவ்வளவு அழகான அர்த்தத்தை ஒரு பிள்ளையும் எழுதினதில்லையே'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க."