சீர் லாரியும் கழலாத டப்பாவும்

பம்மல்
14-6-1972, புதன்கிழமை

சிங்கப்பெருமாள் கோவிலில் இருக்கும் என் உடன்பிறந்த தம்பி குப்புராஜுக்கு, பம்மல் அக்கா கங்கையம்மாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கு நானும் மகன் ரத்தினமும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் சௌக்கியம். அங்கு நீயும் கல்யாணப் பெண் திரிபுரசுந்தரியும் சௌக்கியமாக இருக்க நரசிம்ம சுவாமியை வேண்டிக்கொள்கிறேன். உன் பெண்டாட்டிக்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கொள்கிறேன். அதனால் ரத்தினத்தின் காதுகுத்துக்கு அவள் வெறுங்கையோடு வந்ததை நான் மறந்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. என் எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். உன்னை எட்டாவது வரை படிக்க வைத்தார்கள், என்னை மூன்றாவதோடு மாடு மேய்க்க அனுப்பினார்கள்.

நிற்க. நீ பொன்னியம்மாளுக்குக் கார்டு போட்டிருக்கிறாய். தபால்காரன் என் வாசலில் சைக்கிளை நிறுத்தி வெற்றிலை போட்ட நேரத்தில் நானே படித்துவிட்டேன். "அக்கா லாரி பழசு, எதற்கும் சனிக்கிழமை உங்கள் லாரியைத் தயாராக வைத்திருங்கள்" என்று எழுதியிருக்கிறாய். எதற்கும் என்றால் எதற்கு? பெண்ணுக்கு அத்தை நான். அண்டா, குத்துவிளக்கு, கட்டில், மெத்தை, வாழைத்தார் எல்லாம் என் லாரியில் ஏறி, என் லாரியிலிருந்துதான் உன் பந்தல் வாசலில் இறங்க வேண்டும். பொன்னியம்மாள் உனக்கு யார்? எனக்கு ஓரகத்தி, என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்தவள். நெற்றிப் பலகையில் பெரிதாகப் பொன்னி என்று எழுதி, இரண்டு பக்கமும் தாமரைப்பூ போட்டு வைத்திருக்கிற அந்தப் புது லாரியில் என் சீர் வந்து இறங்கினால், பார்க்கிறவர்கள் அதை யார் சீர் என்பார்கள்? அந்தக் காலத்தில் என் மாமியார் முருங்கைக்காய்க் குழம்பில் சதைப்பற்றுள்ள துண்டாகப் பார்த்து அவள் தட்டில் போடுவாள், எனக்கு நார். இப்போது என் பேரப்பிள்ளைகள்கூட அவள் லாரி சத்தம் கேட்டால் என் மடியிலிருந்து இறங்கி ஓடுகிறார்கள். என் கையில் மிச்சம் இருப்பது இந்த அத்தை முறை ஒன்றுதான். அதையும் நீ கார்டில் எழுதி அவளுக்குக் கொடுக்கப் பார்த்தாய்.

எங்கள் லாரிக்கு என்ன வந்தது என்று அவள் வாயால் நீ கேள்விப்படுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். எஞ்சினில் ஆயில் ஃபில்டர் என்று ஒன்று இருக்கிறது. ரசப்பொடி டப்பா அளவில் ஒரு தகர டப்பா. எஞ்சினின் விலாவில் திருகியிருக்கும், எண்ணெயில் சேரும் கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நிரம்பிவிட்டால் பழையதைத் திருகிக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. தூரப் பயணமாயிற்றே, சீரோடு நடுவழியில் நிற்கக்கூடாதே என்று திங்கட்கிழமை ரத்தினம் மெக்கானிக் சுவிசேஷமுத்துவைக் கூட்டி வந்தான். முத்து பானெட்டைத் தூக்கி உள்ளே தலையை விட்டான்.

"இன்னா பெரிம்மா இது, எஞ்சினுக்குப் பவுடர் பூசிக்கீறீங்க? டப்பா எங்க முடியுது, எஞ்சின் எங்க ஆரம்பிக்குதுன்னே தெர்லியே!"

பவுடர் இல்லை, வெள்ளி பெயிண்ட். போன ஆயுத பூஜைக்கு அடித்தது. ஏன் அடித்தேன் என்று கேள். பூஜையன்று லாரியைக் கழுவி, பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது லாரி உள்ள எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பொன்னியம்மாள் அன்று காலையில் தன் புது லாரியை என் வாசலுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்திப் பானெட்டைத் திறந்தாள். உள்ளே பாத்திரக்கடை மாதிரி பளபளவென்று இருந்தது. நம் எஞ்சின் தோசைக்கல் மாதிரி இருந்தது. சும்மா விடுவேனா? ரத்தினத்தைக் கடைக்கு விரட்டி, ஒரு டின் வெள்ளி பெயிண்ட் வாங்கி வரச் சொல்லி, கண்ணில் பட்ட இடமெல்லாம் அடிக்க வைத்தேன். அது டப்பாவின் இடுக்கில் இறங்கி, எஞ்சின் சூட்டில் வெந்து, பற்றுப் போட்ட மாதிரி பிடித்துக்கொண்டதாம். அதற்காகப் பெயிண்டை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அன்று சாயங்காலம் எங்கள் எஞ்சினைப் பார்த்துத் தெருவே வாயைப் பிளந்தது, அவளும் பிளந்தாள். அவள் பானெட்டை அவள் வாசலில் திறந்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

முத்து எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டுச் சூடாக்கினான், சூட்டில் இளகும் என்று. இளகவில்லை, அவன் கைதான் வெந்தது. சாக்கைச் சுற்றித் திருகினான். வழுக்கியது. உப்புத்தாளைச் சுற்றி ரத்தினமும் அவனும் சேர்ந்து திருகினார்கள். டப்பா நசுங்கியதே தவிர நகரவில்லை. பிறகு ஒரு நீள ஸ்குரு டிரைவரை டப்பாவின் இந்தப் பக்கம் அடித்து அந்தப் பக்கம் எடுத்து, அதையே பிடியாக வைத்துத் திருப்பினான். பழைய துணி மாதிரி டப்பா கிழிந்தது. உள்ளேயிருந்த கருப்பு எண்ணெய் மொத்தமும் கொட்டியது. கீழே படுத்து வேலை செய்ய ரத்தினம் விரித்துக் கொடுத்த பாய் சீருக்கு வாங்கி வைத்த பாய் என்பது அப்போதுதான் மருமகளுக்குத் தெரிந்தது. சீரில் ஒரு பாய் குறையும், கேட்காதே.

அந்த நேரம் பார்த்துத்தானா அவள் வர வேண்டும்? கையில் மோர்ச் சொம்பு, தலையில் இரண்டு முழம் பூ.

"அக்கா, மோர் குடிங்க. வெயில்ல நின்னுகினு கீறீங்களே, தல சுத்திடப் போவுது."

"எனக்கு ஒண்ணும் சுத்தாது. நீ உன் வூட்டு வேலயப் பாரு."

"இல்லக்கா, எங்க லாரில தோல் ஷாப்புலேர்ந்து எட்த்தாந்த வாரு கீது. டப்பாவச் சுத்திக் கட்டி, ஒரு கழியச் சொருவித் திருவுனா வந்துடும். எங்க வூட்ல அப்டித்தான் கழட்டுவாங்க. எட்த்தாரட்டா?"

முத்துவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "கரீட்டு பெரிம்மா! வாரு நல்லாப் புடிக்கும். இன்னும் பாதி டப்பா கீது, சுத்திடலாம்."

"பூஜை போட்ட எஞ்சின். அதும்மேல தோல் படக்கூடாது" என்றேன்.

"பெரிம்மா, நீங்க குந்தினு போற சீட்டே தோலுதான்."

"சீட்டுக்கா பூஜை போட்டேன்?"

இதற்குச் சாஸ்திரம் இருக்கிறதா என்று நீயும் கேட்காதே. ஊர் பார்க்க அவள் வாரைக் கட்டி என் டப்பாவைக் கழற்றினால், சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லி மோர் கொடுப்பாள். உளியால் அடி என்றேன். முத்து மாட்டேன் என்றான். ரத்தினம் அடித்தான், அவன் என் பிள்ளை. டப்பா தனியாக வந்து விழுந்தது. அதன் அடி வளையம் மட்டும், கையை விட்டு வராத வளையல் மாதிரி எஞ்சினோடு நின்றுவிட்டது. "இப்ப அந்த வாரக் குடுத்தாலும் சுத்தறதுக்கு டப்பா இல்ல பெரிம்மா" என்று சொல்லிவிட்டு முத்து கை கழுவப் போனான். அவள் "அடடா" என்றாள். அந்த அடடாவில் சர்க்கரை போட்டிருந்தது, நான் கவனித்தேன்.

ஆகையால் உனக்குச் சொல்வது என்னவென்றால், வளையம் நாளைக்குள் கழன்று வந்துவிடும். சனிக்கிழமை விளக்கு வைப்பதற்குள் என் லாரி உன் பந்தலில் நிற்கும். இதைப் படித்த கையோடு பொன்னியம்மாளுக்கு இன்னொரு கார்டு போட்டு, உங்கள் லாரி தேவையில்லை என்று பெரிய எழுத்தில் எழுது. அவள் லாரியின் மூக்கு உன் தெருவில் தெரிந்தால் உன் வீட்டில் கை நனைக்காமல் திரும்பிவிடுவேன். பெண்ணும் மாப்பிள்ளையும் மக்கள் சுற்றம் பெருகி, குறைவில்லாமல் வாழட்டும். ஒரே பிள்ளை உள்ள வீடாகப் பார்த்துப் பெண்ணைக் கொடுக்கிறாய். அவளுக்கு ஓரகத்தி கிடையாது. அந்த ஒரு விஷயத்தில் உனக்குப் புத்தி இருக்கிறது.

உன் நன்மையையே நினைக்கும்,
அக்கா கங்கையம்மாள்

பி.கு.: வெள்ளிக்கிழமை மத்தியானம். கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை, ரயிலில் வரும் மருமகளின் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். வளையம் வந்துவிட்டது. வரும்போது எஞ்சினிலும் ஒரு துண்டைப் பெயர்த்துக்கொண்டு வந்தது. மெட்ராஸிலிருந்து சாமான் வாங்கிப் போட்டு எஞ்சின் உயிர் பெற அடுத்த வாரம் ஆகுமாம். நீ பதறாதே. சீர் என் லாரியில்தான் வருகிறது. முன்னால் அவள் லாரி வரும், நடுவில் வடக்கயிறு இருக்கும், அவ்வளவுதான். ஸ்டியரிங் பிடிப்பது என் மகன், பக்கத்தில் உட்காருவது நான், பின்னால் இருப்பது என் சீர். பிறகு அது யார் லாரி? ஹாரனும் நாங்கள்தான் அடிப்போம், அதற்கு ஃபில்டர் வேண்டாமாம். மேலே ஒரு கார்டு போடச் சொன்னேனே, அதைப் போடாதே. பொன்னியம்மாள் தன் லாரியில் ஏற மாட்டாளாம், "நான் அக்கா பக்கத்துலதான் குந்தினு வருவேன்" என்று அடம்பிடிக்கிறாள். என் லாரியில் வர வேண்டும் என்று அவளுக்கு அத்தனை ஆசை. பொறாமை பிடித்தவள், என்ன செய்வது? அவளுக்கும் ஓர் இலை போடு, எனக்குப் பரிமாறிய பிறகு. போட்டோ எடுப்பவனிடம் மட்டும் இப்போதே சொல்லி வை, படத்தில் கயிறு விழக்கூடாது.